மைனாவுக்கு வெச்ச சோறு

டாக்டரம்மா வந்து சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்னு போன்ல சொல்லிப்போட்டாங்க. முக்கால் மணி நேரம்னா என்ன, நாலு தக்காளிப் பாத்திக்குத் தண்ணி பாஞ்சு முடியற நேரம். மம்பட்டியோட வாய்க்கால்ல நின்னா எப்படிப் போச்சுன்னே தெரியாது. இங்க கட்டுத்தரையில, படுத்த மாட்டோட தலைய மடியில தாங்கிக்கிட்டு உக்காந்தா நகரவே மாட்டேங்குது. ஏ மைனா, கண்ணத் தொறடி. தொறக்கறா. தொறந்து என்னையப் பாக்கறாளா, எனக்குப் பின்னால யாரையாச்சும் தேடறாளான்னு தெரியல. யாரத் தேடறான்னு தெரியாதாக்கும். சம்பூர்ணத்தத்தான். என்ற பொண்டாட்டி போயிப் பதினேழு நாளாச்சு, நேத்துத்தான் கருமாதி முடிஞ்சது, அதெல்லாம் மாட்டுக்குத் தெரியுமா? பல்ல நறநறன்னு கடிக்கறா. வாயில இருந்து எச்சில் ஒழுகி என்ற வேட்டியெல்லாம் நனைஞ்சு கெடக்குது. ஒரே புளிச்ச வாடை. அந்த வாடைதான் எனக்குத் தாங்கமாட்டேங்குது, ஏன்னா அது என்ன வாடைன்னு எனக்குத் தெரியும். அறுபத்தோரு வயசாச்சு நாச்சிமுத்து, நீ சொன்ன பொய்ய வெரல் உட்டு எண்ணிரலாம்னு ஊருக்குள்ள பெரும பேசிக்கிட்டுத் திரிஞ்ச. இன்னிக்கு விடிய ஒண்ணு சொன்ன பாரு, அது ஒண்ணு போதும் உனக்கு.

ஆறு மணி இருக்கும். பால் கறக்கச் சொம்பெடுத்துக்கிட்டு வந்தேன். எப்பவும் சொம்புச் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு நிக்கறவ, படுத்தே கெடந்தா. தாழியில தண்ணி அப்படியே இருந்தது. போட்ட சோளத்தட்டுல ஒரு தட்டக் கூடக் கடிக்கல. பின்னால தண்ணியாக் கழிஞ்சு வெச்சிருந்தா. எடது பக்கத்து வயித்துல கைய வெச்சு அமுக்குனேன், பெசஞ்ச மாவாட்டம் வெரல் உள்ள போகுது, பள்ளம் மேல வரமாட்டேங்குது. நான் போட்ட சத்தத்துக்கு என்ற மக சுகுணா ஓடியாந்தா. கோயமுத்தூர்ல குடியிருக்கறவ, அம்மாவுக்கு முடியாமப் போனதுல இருந்து இங்கயேதான் கெடக்கறா. மாப்பிள்ளையும் பேத்தியும் நேத்துச் சாயந்திரமே போயிட்டாங்க. அவதான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, எனக்குக் காது மந்தம்னு சத்தமாக் கேக்கறாப்ல வெச்சு என்ற கையில குடுத்தா. அந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணுதான், ஆனா விவரமான புள்ள. "நேத்து என்னங்கய்யா தின்னுச்சு?"ன்னாங்க. "எப்பவும் போலத்தானுங்க. தட்டு, கொஞ்சம் தவுடு." "வீட்ல காரியம்னு சொன்னீங்களே. சோறு, பாயசம் ஏதாச்சும் வெச்சீங்களா? நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க." நான் எங்க ரோசன பண்ணுனேன். சுகுணா என்ற மூஞ்சிக்கு நேரா நிக்கறா. "இல்லீங்க, சோறெல்லாம் ஒண்ணும் வெக்கலீங்க." நாக்கு அதும்பாட்டுக்குச் சொல்லிப்போட்டுது. "அப்படின்னா என்ன காரணம்னு தெரியாம வாயில எதையும் ஊத்தாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்"னாங்க, வெச்சுட்டாங்க. போன வாங்கறப்ப சுகுணா தலையக் குனிஞ்சுக்கிட்டா. எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. பாத்திருக்கறா. நேத்து மத்தியானம் நான் சோறு அள்ளுன போசியத் தூக்கிக்கிட்டுக் கட்டுத்தரைக்கு வந்தத சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு பாத்திருக்கறா. பாத்தும் சொல்லல. பெத்தவனப் பொய்யன்னு அடுத்தவங்க காதுல போட மனசு வரல போல. பொறவு தனியாக் கேப்பா, கேக்கட்டும்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு என்னைய நானே கேட்டுக்கிட்டா, பயந்தான், வேறென்ன. மககிட்டப் பயம். கேக்கறவங்க சிரிப்பாங்க. அவ கெட்ட புள்ள இல்ல. அவங்கம்மாளச் சுடுகாட்டுல கொண்டுபோயி வெச்சுட்டு வந்த மூணாம் நாள், "இங்க தனியா இருந்து என்னங்கப்பா பண்ணப் போறீங்க, எங்கூட வந்துருங்க"ன்னு ஆரம்பிச்சா. நான் குதிச்சேன். ரெண்டு ஏக்கராத் தோட்டம், கெணறு, எட்டுத் தென்னமரம், பட்டியில அஞ்சு வெள்ளாடு, ஒரு டசன் கோழி, இந்த மைனா. இத்தனையும் உட்டுப்போட்டு அந்த நாலாவது மாடியில போயி நான் எதுக்குத் தண்ணி பாச்சட்டும்? ஒருக்கா போயி நாலு நாள் இருந்தேன். விடிய அஞ்சு மணிக்கு முழிச்சுப்போட்டு, எட்டு மணி வரைக்கும் சோபாவுல உக்காந்து, சத்தம் வராம இருமி, எல்லாரும் எப்ப எந்திரிப்பாங்கன்னு பாத்துக்கிட்டுக் கெடந்தேன். காலு மண்ணுல படல, எனக்குச் சோறே செரிக்கல. இதையெல்லாம் சொல்லிக் கத்துனேன், அவளும் அழுதா. கடைசில அவதான் எறங்கி வந்தா. "வெள்ளாமைய நீங்க பாப்பீங்க, எனக்குத் தெரியும். மாடு கன்னத்தான் பாக்கத் தெரியாது. அம்மா இருந்தவரைக்கும் கட்டுத்தரைப் பக்கம் எட்டிப் பாத்திருக்கீங்களா? மைனாவ நீங்களே ஒருத்தரா வெச்சுப் பாத்துக்கிட்டீங்கன்னா இங்கயே இருங்க, நான் வாயத் தொறக்கல. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மறுபேச்சுப் பேசாமப் பெட்டியக் கட்டிரோணும்." செரின்னேன். பெரிய வீரனாட்டம் செரின்னேன். அவ சொன்னதுல தப்பென்ன இருக்குது? முப்பத்தஞ்சு வருசம் பயிரு என்றது, வாயில்லாச் சீவன் சம்பூர்ணத்தோடது. நான் கட்டுத்தரைக்கு வந்தது எரு அள்ளறதுக்கு மட்டுந்தான்.

மொத நாள் கறக்க உக்காந்தப்ப உட்டா பாரு ஒரு ஒதை. சொம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எந்திரிச்சு மறுபடியும் உக்காந்தேன், மறுபடியும் ஒதை. ரெண்டு நாளு பாலையே எறக்கல. மடி கல்லாட்டம் வீங்கிப்போச்சு. பக்கத்துத் தோட்டத்து ராக்கியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "ஏனுங்கண்ணா, சம்பூர்ணம் கட்டுன சேலை ஒண்ண எடுத்து மேல போத்திக்கிட்டு உக்காருங்க, மோந்து பாத்துட்டு உட்டுரும்"னா. என்ன கருமம்டா இதுன்னு நெனச்சேன். மீசைய வெச்சுக்கிட்டுச் சேலையப் போத்தறதா? மூணாம் நாள் போத்துனேன். கத்திரிப்பூக் கலர்ல ஒரு சேலை, தோட்டத்துக்குன்னே கட்டுவா. மைனா கழுத்தத் திருப்பி மோந்தா. மோந்துக்கிட்டே இருந்தா. பொறவு பெருசா ஒரு மூச்சு உட்டா, பால் எறங்குச்சு. எனக்கு என்னமோ பண்ணிருச்சு. அவ வயித்துல நெத்திய வெச்சுக்கிட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில அழுகல, காட்டுல அழுகல, பால் சொம்ப முட்டிக்கு நடுவுல வெச்சுக்கிட்டு, சேலையப் போத்திக்கிட்டு, ஏங்கி ஏங்கி அழுதேன். அதுக்கப்புறம் தெனமும் அப்படித்தான். நேத்துக் கருமாதியில சம்பூர்ணத்தோட சேலையெல்லாம் எடுத்துக் குடுத்தாங்களே, அந்த ஒரு சேலைய மட்டும் பருத்திக்கொட்டை மூட்டைக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். மாட்டுக்காகத்தான் ஒளிச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அடேய், யாருகிட்டக் கதை உடற நீ.

வெயில் மாட்டுச் சாளை ஓரத்துக்கு வந்துருச்சு. வெள்ளாடுக பட்டிக்குள்ள கத்துதுக, இன்னும் அவுத்து உடல. கத்தட்டும். சுகுணா சுடுதண்ணியில துணிய நனைச்சுக்கிட்டு வந்து மைனாவோட முதுகுல ஒத்தடம் குடுக்கறா. முதுகுல எதுக்குக் குடுக்கறான்னு தெரியல, அவளுக்கும் தெரியாது, சும்மா நிக்க முடியாமக் குடுக்கறா. கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. "அப்பா..."ங்கறா. நான் நிமிரல. "அப்பா, நேத்து..." "இப்ப ஒண்ணும் பேசாத கண்ணு"ன்னு வெடுக்குனு சொல்லிப்போட்டேன். அவ வாய மூடிக்கிட்டா. இது ரெண்டாவது தடவ. கேக்க வர்றா, நான் கேக்க உடல. கேட்டான்னா சொல்லிருவேன். மக மூஞ்சியப் பாத்து ரெண்டாந்தடவையும் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்ல. அதனால கேக்க உடமாட்டேன். இப்படியே டாக்டரம்மா வர்ற வரைக்கும் தள்ளிப்போட்டன்னா, இவளத் தண்ணி எடுத்துட்டு வரச்சொல்லி அனுப்பிச்சுப்போட்டு, அந்தப் புள்ள காதுல மெல்லமாச் சொல்லிருவேன். "அம்மா, ஒரு போசி வெச்சேனுங்க, என்ற மகளுக்குத் தெரிய வேண்டாமுங்க." அவங்க ஒரு ஊசியப் போடுவாங்க, மைனா எந்திரிப்பா, நான் இங்கயே இருப்பேன். எத்தன சுளுவா இருக்குது பாரு. அப்பவே ஏண்டா போன்ல சொல்லல? இப்பவும் போன் இருக்குதே. போன் அவ இடுப்புல இருக்குது. போனக் குடுன்னு கேட்டா எதுக்குங்கப்பான்னு கேப்பா. வேண்டாம். இன்னும் அரை மணி நேரந்தான். ஒரு போசிதானே. ஒரு போசி என்ன பெரிய போசி? நாலு ஆளு சாப்படற சோறு இருக்கும். இத்தாச்சோட்டுப் பெரிய மாட்டுக்கு நாலு ஆளு சோறு ஒரு கணக்கா? மாடு சோறு தின்னா சாகுமா? கழுநீர்த் தண்ணியில சோறு கெடக்கத்தானே செய்யும். சம்பூர்ணம் தெனமும் ஊத்துவாளே. அடியில ஒரு கை சோறு கெடக்கும், நானே பாத்திருக்கறேன். ஒரு கை. எப்பவும் ஒரு கைதான். அதுக்கு மேல அவ வெச்சு நான் பாத்ததில்ல. எதனால ஒரு கை? ஏதோ சொன்னாளே.

மாட்டுப்பொங்கலன்னிக்குச் சொன்னா. எந்த வருசம்? மைனா கெடேரியா இருந்த வருசம். படையல் போட்டு முடிஞ்சு பானையில பாதிப் பொங்கல் மிச்சம், நான் பானையோட தூக்கி இவ முன்னால வெக்கப் போனேன். ஓடியாந்து புடுங்குனா. புடுங்கிப்போட்டு என்னமோ சொன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னாளா, வஞ்சாளா? பேத்திக்குன்னு எடுத்து வெக்கறா போலன்னு நெனச்சுக்கிட்டு நான் மோட்டார் போடப் போயிட்டேன். என்ன சொன்னா? வாய் அசையறது தெரியுது, கையில மஞ்சத் தண்ணி ஒட்டியிருந்தது தெரியுது, மூக்குத்திகூடத் தெரியுது. சத்தம் மட்டும் வரமாட்டேங்குது. "ஆகாதுங்க"ன்னு சொல்லியிருப்பாளோ. "மாட்டுக்கு ஆகாதுங்க"ன்னு. சொல்லியிருப்பா. சொல்லாம இருப்பாளா? அவ சொன்னதுல நான் எதைக் காதுல வாங்கியிருக்கறேன்? தொண்டையில என்னமோ அடைக்கறாப்ல இருக்குதுங்கன்னு சொன்னா, சுக்குத்தண்ணி வெச்சுக் குடி புள்ளன்னு சொல்லிப்போட்டுக் கடலைக்காட்டுக்குப் போனவந்தானே நான். நாலு மாசம் கழிச்சுத்தானே கோயமுத்தூர் கூட்டிக்கிட்டுப் போனோம். கட்டி, உள்ளுக்குள்ள எறங்கிருச்சுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் என்ன இருக்குது. கடைசி ரெண்டு மாசம் அவளுக்குச் சோறு எறங்கல. எனக்கு ஆக்கிப் போட்டுட்டு எதுத்தாப்ல உக்காந்து நான் திங்கறதப் பாப்பா. பாக்காத புள்ளன்னாலும் பாப்பா. "இருக்கட்டுங்க, நீங்க திங்கறதப் பாத்தா எனக்கு ருசி தெரியுதுங்க"ம்பா. ஒரு நாளு, "ஒரு வாய் ரசஞ்சோறு தின்னுபோட்டுச் செத்தாத் தேவுலைங்க"ன்னா. கொழையப் பெசஞ்சு வெரல்ல எடுத்து ஊட்டுனேன். வாயில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தா. அப்புறம் முந்தானையில துப்பிப்போட்டு, நான் பாக்கலைன்னு நெனச்சு மடிச்சு வெச்சுக்கிட்டா. நான் பாத்தேன்.

அதனாலதாண்டி மைனா. அதனாலதான் வெச்சேன். நேத்துப் படையல் போட்டு எல எடுத்துக் கெணத்து மேட்டுல வெச்சோம். காக்கா வரல. ஒரு நாழி நின்னோம். சொந்தபந்தமெல்லாம் கா கான்னு கத்துனாங்க. தெனமும் நூறு காக்கா வந்து தென்னமரத்துல கும்மாளம் போடும், நேத்துன்னு பாத்து ஒண்ணக் காணோம். "சம்பூர்ணத்துக்கு என்னமோ கொறை"ன்னு பொம்பளைக குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க. எனக்குக் காது மந்தம், ஆனா இந்த மாதிரிப் பேச்செல்லாம் நல்லாக் கேக்கும். கொறை என்ன கொறை, உசுரோட இருக்கறப்ப எறங்காத சோறு செத்தப்புறமும் எறங்கலையே. சுகுணா எலையப் பாத்துக்கிட்டே கல்லாட்டம் நின்னா. அப்புறம் பாத்தா, ஊருல மூணு கலியாணம் அன்னிக்கு, நூத்தம்பது பேருக்கு ஆக்குனதுல எழுவது பேரு வந்தா அதிகம். கருமாதிச் சோத்த ஒருத்தரும் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போக மாட்டாங்க, அது எங்க பக்கத்து வழக்கம். அண்டாவுல பாதிக்கு மேல அப்படியே கெடக்குது. சமையக்காரரு, "குழி தோண்டிக் கொட்டிரட்டுங்களா?"ன்னு கேட்டாரு. ஒத்தப் பருக்கை கீழ உழுந்தா எடுத்து வாயில போட்டுக்கறவளோட கருமாதிச் சோத்தக் குழில கொட்டறதா? இருக்கட்டும்னு சொல்லிப்போட்டேன். எல்லாரும் களைச்சுப்போயிச் சாஞ்ச நேரம், மூணு மணி இருக்கும், ஒரு போசி நெறைய அள்ளிக்கிட்டு இங்க வந்தேன். பதினஞ்சு நாளா இவளும் அரைவயித்துக்குத்தான் தின்னுக்கிட்டு இருந்தா. முன்னால வெச்சதும் மோந்து பாத்தா. அப்புறம் தின்னா பாரு. அய்யோ, அப்படித் தின்னா. போசிய முட்டித் தள்ளிக்கிட்டே போயி, நக்கி நக்கி, நாக்கச் சொழட்டிச் சொழட்டி. நான் நின்னு பாத்தேன். தின்னு புள்ள, தின்னுன்னேன். மாட்டச் சொன்னேனா, அவளச் சொன்னேனா, எனக்கே தெரியல. ரெண்டு மாசமா நெஞ்சுக்குள்ள அடைச்சுக்கிட்டு இருந்தது சித்த எறங்குன மாதிரி இருந்தது. இதுதான் நான் பண்ணுன தப்பு. வேணும்னு பண்ணல. சந்தோசமாப் பண்ணுனேன், அதுதான் வெக்கக்கேடு.

வண்டிச் சத்தம் கேக்குது. டாக்டரம்மாதான். ஸ்கூட்டர வேப்பமரத்தடியில நிறுத்திப்போட்டு ஓட்டமும் நடையுமா வர்றாங்க. "சுகுணா, போயி ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வா கண்ணு"ங்கறேன். அவ நகரல. "போ கண்ணு." நகரமாட்டேங்கறா. டாக்டரம்மா வந்த வேகத்துல உக்காந்து, மைனாவோட கண்ணு முழியத் தொறந்து பாத்து, வாய்க்கிட்ட மூக்க வெச்சாங்க. வயித்துல குத்துக்கையால தட்டிக் காத வெச்சுக் கேட்டாங்க. கழிசலக் கையில தொட்டு மோந்தாங்க. நிமிந்து என்னையப் பாத்தாங்க.

"சோறு. இது சோறுதானுங்கய்யா. உள்ள கெடந்து புளிச்சுப்போயிருக்குது. யாரு வெச்சது?"

நான் வாயத் தொறக்கறேன். அதுக்குள்ள, "நாந்தானுங்க"ன்னு சுகுணா சொல்றா.

என்ற மக எனக்காகப் பொய் சொல்றாளேன்னு எனக்கு உள்ளயெல்லாம் ஒடஞ்சு போச்சு. பாத்தியா சம்பூர்ணம், நம்ம புள்ளையன்னு நெனச்சுக்கிட்டு, இல்லீங்க, அவ ஒண்ணும் பண்ணல, நாந்தான்னு சொல்லறதுக்குள்ள அவ மேல மேல பேசறா. "சாயந்திரம் வெளக்கு வெக்கற நேரத்துலங்க. எங்க வீட்டுக்காரரும் பாப்பாவும் போனதுக்கப்புறம். ஒரு போசி நெறையக் கொண்டாந்து வெச்சேன். எங்கம்மாவுக்கு வெச்ச எலையக் காக்கா எடுக்கலீங்க. எங்கம்மா ரெண்டு மாசமாச் சோறு திங்காமத்தான் செத்தாங்க. இதுவாச்சும் திங்கட்டும்னு வெச்சேனுங்க. நின்னு பாக்கக்கூட முடியல, அழுக வந்துருச்சு, வெச்சுப்போட்டு உள்ள ஓடிட்டேன். காலையில நீங்க போன்ல கேட்டப்பவே சொல்லியிருக்கோணும். அப்பா பக்கத்துல இருந்தாங்க, நாக்கு எழும்பல." அப்பான்னு ஆரம்பிச்சு ஆரம்பிச்சு நிறுத்துனாளே. தலையக் குனிஞ்சாளே. அடக் கடவுளே. அவ என்னையப் பாக்கவே இல்ல. நான் வெச்சதே அவளுக்குத் தெரியாது.

டாக்டரம்மா குழாயெல்லாம் வெளிய எடுத்துக்கிட்டே, "ஒரு போசிதானுங்களா?"ன்னு கேக்கறாங்க.

"ஒண்ணுதானுங்க."

"ஒரு போசிக்கு இத்தன தூரம் வராதுங்களே. ஒரு போசின்னா வயிறு கெட்டு ரெண்டு நாள்ல தேறிக்கும். இது அதுக்கும் மேல தின்னிருக்குது."

ஒண்ணுன்னாத் தேறியிருக்கும். மூணு மணிக்கு என்றது. வெளக்கு வெக்கற நேரத்துக்கு அவளுது. என்றதோட நின்னிருந்தா மைனா இந்நேரம் எந்திரிச்சிருப்பா. அவளுதோட நின்னிருந்தாலும் எந்திரிச்சிருப்பா. இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மொதல்ல வெச்சவன் கொன்னானா, மேல வெச்சவ கொன்னாளா? இந்தக் கணக்க என்ற மக ஆயுசுக்கும் போட்டுக்கிட்டு இருப்பா. அம்மா தொண்டைய நாலு மாசம் முன்னாலயே பாத்திருந்தாப் பொழைச்சிருப்பாளோன்னு நான் போடற மாதிரி. முழிச்சுக்கிட்டுப் போடுவா, குக்கர் வெக்கறப்பப் போடுவா. எனக்கு அது என்னன்னு தெரியும். அது இந்தப் புள்ளைக்கு வேண்டாம். நானும் ஒண்ணு வெச்சேன்னு சொன்னா மட்டும் பத்தாது, பாதி அவ மேல நிக்கும்.

"அம்மா, அவ வெச்சத இது தொடக்கூட இல்லீங்க"ங்கறேன். என்ற குரலு எனக்கே புதுசா இருக்குது. "நான் ராத்திரி எட்டு மணிக்கு வந்து பாத்தேன், வெச்சது வெச்சாப்லயே கெடந்துச்சு. எடுத்துக் குப்பைக்குழில கொட்டிப்போட்டுப் போசியக் கழுவி வெச்சேன். இது தின்னது நான் வெச்சதுதானுங்க. மத்தியானம் மூணு மணிக்கு வெச்சேன். ரெண்டு போசி. மொத போசியத் தின்னு முடிச்சுது, ஆசையா இன்னொண்ணு கொண்டாந்தேன். போன்ல நீங்க கேட்டப்பப் பொய் சொன்னது நாந்தானுங்க."

டாக்டரம்மா ஒரு நொடி என்னையப் பாத்தாங்க. சுகுணாவப் பாத்தாங்க. என்ன நெனச்சாங்களோ. "அப்பவே சோறுன்னு சொல்லியிருந்தீங்கன்னா ஆப்பசோடாவக் கரைச்சு ஊத்தச் சொல்லியிருப்பேன். வீட்ல இருக்கற சாமானுங்க"ன்னு மெதுவாச் சொன்னாங்க. சொல்லிப்போட்டு வேலையப் பாத்தாங்க. கழுத்துல ஊசி ஏத்துனாங்க, பாட்டில என்ற கையில குடுத்து ஒசத்திப் புடிக்கச் சொன்னாங்க. மூக்கு வழியாக் குழாய உட்டு என்னென்னமோ பண்ணுனாங்க. அந்தப் புள்ளைக்கு வேர்த்து ஊத்துது. நான் பாட்டிலப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். கை வலிக்குது, மாத்திப் புடிக்கறேன். சொட்டுச் சொட்டா எறங்குது. ரெண்டாவது பாட்டில் பாதி போனப்ப மைனா ஒருக்காத் தலையத் தூக்குனா. எந்திரிக்கப் போறான்னு நெனச்சேன். தூக்குன தலைய வெச்சா. காலு நாலும் ஒரு தரம் வெறைச்சு நீண்டுச்சு. டாக்டரம்மா நெஞ்சுல காத வெச்சு ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தாங்க. அப்புறம் என்ற கையில இருந்து பாட்டில வாங்கிக்கிட்டாங்க.

சுகுணா மைனா கழுத்துல உழுந்து அழுகறா. அவங்கம்மாளுக்கு அழுததும் இப்படித்தான், சத்தமே வராம. நான் கிட்டப் போகல. போனா மூஞ்சி காட்டிக்குடுத்துரும். டாக்டரம்மா ஸ்கூட்டர் போறது கேக்குது. வெள்ளாடுக கத்தறது கேக்குது. சுகுணா மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு எந்திரிக்கறா. எங்கிட்ட வர்றா. என்ற கண்ணையே பாக்கறா, இந்தக் கண்ணு ரெண்டுக்கும் பின்னால என்ன இருக்குதுன்னு பாக்கற மாதிரி.

"நெசமாலுமே நான் வெச்சதத் தொடலீங்களாப்பா?"

"தொடல கண்ணு. ஒரு பருக்கை தொடல."

அவ நிக்கறா. அப்புறம் ஒடைச்சுக்கிட்டு வருது. "ரெண்டு போசியாங்கப்பா? ரெண்டு போசிச் சோத்த ஒரு மாட்டுக்கு வெப்பாங்களா யாராச்சும்? அம்மா கொழந்தையாட்டம் வளத்துனத, ரெண்டு வாரம், ரெண்டே வாரம் உங்க கையில குடுத்தா, இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்களே! உங்களுக்கு என்னதாங்கப்பா தெரியும்?" வையறா. நல்லா வையறா. விடிஞ்சதுல இருந்து குனிஞ்சே இருந்த தலை இப்பத்தான் நிமிந்திருக்குது. கன்னத்துல ரத்தம் வந்திருக்குது. வையி கண்ணு, இன்னும் வையி. கேக்கக் கேக்க எனக்கு மூச்சு சீராகுது. "இப்படி ஒண்ணுமே தெரியாத மனுசன எந்த நம்பிக்கையிலங்கப்பா நான் தனியா உட்டுட்டுப் போவேன்?"

"உட்டுட்டுப் போக வேண்டாம் கண்ணு"ங்கறேன். "கோயமுத்தூருக்கு எத்தன மணிக்குப் பஸ்ஸு?"